நான் பார்த்த இடத்தில் இல்லை

ஃபார்மலின் ஜாடியைக் கையில் வாங்கியதும் எங்கள் டாக்டரம்மா கேட்கும் முதல் கேள்வி, "இவங்க யாரு?" என்பதுதான்.

ஜாடிக்குள் இருப்பது ஒரு கர்ப்பப்பை. திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுத்து, மருந்து நீரில் போட்டு, மூடியில் ஒரு சீட்டை ஒட்டி எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். சீட்டில் பெயரும் வயதும், 'அதிக ரத்தப்போக்கு' என்று ஒரு வரியும் இருக்கும். மற்றவர்களுக்கு அது போதும். இவருக்குப் போதாது.

"போன் போட்டுக் கேளு பிள்ள. வலி உண்டா, எப்ப இருந்து, பிள்ளைங்க இருக்கா, இல்லேன்னா யாராவது ஏன்னு பார்த்தாங்களான்னு கேளு."

எதிர்முனையில் இருக்கும் நர்ஸ் அலுத்துக்கொள்வாள். "ஏனுங்க, அதைத்தான் எடுத்துப் போட்டாச்சே. இனி எதுக்குங்க அந்தப் பேச்சு?"

நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு இவரைப் பார்ப்பேன். கையுறையை மாட்டிக்கொண்டு கத்தி பக்கத்தில் இருக்க, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். "கேக்காம நான் தொட மாட்டேன்னு சொல்லு" என்பார். பதில் வரும்வரை உண்மையிலேயே தொடமாட்டார். ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே பனியன் மூட்டை ஏற்றிய டெம்போக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

ராயபுரத்தில் ஜிப்பும் பட்டனும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்த லேப் இருந்தது. நான் டெக்னீஷியன். எங்களுடையது தறிக்காரக் குடும்பம். அண்ணன் காலத்தில் தறியை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளை நான் மட்டும் டிப்ளமா படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஊரே ஏற்றுமதி ஏற்றுமதி என்று ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பெத்தாலஜிஸ்ட். நோயாளியைப் பார்க்காத டாக்டர் என்று சொன்னால் எளிதாகப் புரியும். உடம்பிலிருந்து எடுத்த சதையை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது என்ன நோய் என்று எழுதித் தருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்கு பேங்கில் மாற்றலானதால் திருப்பூருக்கு வந்திருந்தார். நல்ல உயரம், ஒல்லி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. மனித முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதே இல்லை. சதைகள் நிற்கும். ஒருமுறை மார்க்கெட்டில் ஓர் அம்மாள் இவரைப் பார்த்துக் கும்பிட்டாள். இவர் திருதிருவென்று விழித்தார். அந்த அம்மாள் பெயரையும் ஆஸ்பத்திரியையும் சொன்னதும் முகம் மலர்ந்து, "ஓ! அந்தத் தடிச்ச பின்சுவரா!" என்றார், சந்தையே திரும்பிப் பார்க்கும் குரலில். அந்த அம்மாள் கையிலிருந்த தக்காளிப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். கர்ப்பப்பையின் உட்புறம் மெல்லிய பூச்சு மாதிரி ஒரு சதை இருக்கிறது. மாதாமாதம் அது வளர்ந்து, உதிர்ந்து, ரத்தமாக வெளியேறும். சில பெண்களுக்கு அந்தச் சதை கர்ப்பப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். அங்கும் அது மாதாமாதம் கசியும், வெளியேற வழியிருக்காது. சுவர் தடித்துப்போகும். அதன் பெயர் அடினோமயோசிஸ். அதே மாதிரி சதை கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையின் மேலோ குடலுக்குப் பக்கத்திலோ இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ். இரண்டுமே வலியைத் தரும். இரண்டுமே சிலருக்குக் குழந்தை தங்காமல் செய்துவிடும்.

"ஏன் மேடம் உள்ள போகுது?" என்று கேட்டேன்.

"தெரியல்ல."

"எதனால குழந்தை தங்கறதில்லை?"

"கொஞ்சம் தெரியும். மிச்சம் தெரியல்ல. அதத்தான் பாக்கேன்."

ஒரு டாக்டர் வாயிலிருந்து தெரியவில்லை என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். அதை அவர் வெட்கப்படாமல் சொன்னார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியும் அதுவே. குழந்தையில்லாதவள் என்று பெயர் வாங்கி, கடைசியில் கர்ப்பப்பையையும் எடுத்துக்கொண்ட பெண்கள் எங்கள் ஊரில் அப்போது நிறையப்பேர் இருந்தார்கள். அவர்களுடைய கர்ப்பப்பைச் சுவர்களில் என்ன இருந்தது, வலி எப்போது தொடங்கியது, யாரிடம் சொன்னார்கள், சொன்னபோது என்ன பதில் கிடைத்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன ஆராய்ச்சி அல்ல. லேப் வேலை முடிந்த மிச்ச நேரத்தில் செய்தார். ஒவ்வொரு பெண்ணிடமும் அனுமதி கேட்டுவர என்னை வீடு வீடாக அனுப்புவார். "சதை எடுத்தது ஆஸ்பத்திரி. ஆனா சதை அவங்களோடது. அவங்க வேண்டாம்னா அந்த ஸ்லைடு நமக்கு வேண்டாம்."

என்னிடம் பெண்கள், "அந்தம்மாளுக்கு இந்த நோவு இருக்குமாட்ட. பாவம், புள்ளையுமில்லையாட்டத் தெரியுது. அதானுங்க இத்தனை வெசனப்படறாங்க" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டே துணிந்து கேட்டுவிட்டேன்.

சிரித்துவிட்டார். "எனக்கா? ஊர்ல ரெண்டு பையங்க ஹாஸ்டல்ல இருக்கானுங்க. வலியா? எனக்கு மாசாமாசம் ஒரு தும்மல் வந்துட்டுப் போற மாதிரி. காலேஜ்ல கூடப்படிச்சவ சுருண்டு கெடப்பா. நான்கூட நடிக்கான்னு நெனச்சிருக்கேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வலிச்சவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வலிக்காதவ கேட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்?" என்றார்.

லேபில் அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் அந்நாளில் வேறெங்கும் நான் கேள்விப்படாதது. ரிப்போர்ட் வாங்க வரும் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, அவளுடைய கர்ப்பப்பையை அவளுக்கே காட்டுவார்.

அனுப்பர்பாளையத்திலிருந்து வந்த ராஜாமணி அக்காவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். நாற்பதை நெருங்கிய வயது, குழந்தையில்லை. கணவர் சாயப்பட்டறையில் வேலை. அவருடைய விரல் நகங்களெல்லாம் நீலம் ஏறிக் கிடந்தன. ரிப்போர்ட்டைக் கொடுங்கள் போகிறோம் என்று கதவோரமே நின்றார்கள்.

"உள்ள வாங்க. வந்து பாருங்க" என்றார் டாக்டர்.

ராஜாமணி அக்கா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். டாக்டர் பின்னால் நின்று சொன்னார். "ரோஸ் கலரா இருக்குல்லா, அது தசை. அதுக்கு நடுவுல ஊதாவாத் திட்டுத்திட்டா இருக்கா? அது அங்க இருக்கக் கூடாது. உள்பூச்சுல இருக்கவேண்டியது. உங்க சுவர்ல ஆழம்வரைக்கும் போயிருக்கு. இதுதான் உங்களுக்கு மாசாமாசம் வலிச்சிருக்கு."

அக்கா நிமிரவே இல்லை. நெடுநேரம் கழித்து, "இத்தனையுங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க பாருங்க" என்றார்.

அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் குனிந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் நாளெல்லாம் துணியைத் தூக்கிப்பார்த்துச் சாயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்பவர் அவர். கண்ணை எடுக்காமலே கேட்டார். "இது எந்நேரமும் உள்ளுக்குள்ள இப்படியே இருந்துச்சுங்களா?"

"பல வருசமா இருந்திருக்கும்."

"நான் என்னென்னமோ பேசியிருக்கறனுங்க. வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்னு சொல்லியிருக்கறனுங்க." அதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பிடமும் சொல்லவில்லை. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ராஜாமணி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். டாக்டர் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்தினார்.

இப்படிப் பல பேர். அழுதவர்கள் உண்டு. கோபப்பட்டவர்கள் உண்டு. பூ மாதிரி இருக்கிறது என்று சொன்ன ஒரு பாட்டியும் உண்டு. ஆஸ்பத்திரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பெரிய டாக்டர் லேபுக்கே வந்து சத்தம்போட்டார். "ரிப்போர்ட் எழுதறதோட உங்க வேலை முடிஞ்சுதுங்க மேடம். பேஷன்ட்கிட்ட எதுக்குப் பேசறீங்க? அப்புறம் எங்ககிட்ட வந்து ஆயிரம் கேள்வி கேக்கறாங்க."

"கேக்கட்டுமே. பதில் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் இவர்.

"நிலம் சரியில்லைன்னா விதை எப்படிங்க முளைக்கும்? அவ்வளவுதானுங்க விசயம். அதுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு?"

இவர் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், நிலத்துக்கு வலிக்காது. இவங்களுக்கு வலிக்கும். அந்தப் பேச்ச என் லேப்ல பேசாதீங்க."

அந்த ஆஸ்பத்திரி ஜாடிகள் கொஞ்சநாள் வராமல் நின்றன. பிறகு வந்தன. ஸ்லைடைச் சரியாகப் படிப்பவர் என்று ஊருக்குள் இவருக்குத்தான் பெயர்.

இவ்வளவு நிச்சயமாக இருந்தவரிடம்தான் மகேஸ்வரி வந்தாள்.

மகேஸ்வரிக்கு முப்பதுகூட ஆகவில்லை. மூலனூர்ப் பக்கம் முருங்கைக் காட்டுக் குடும்பத்துப் பெண். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தையில்லை. மாதாமாதம் வலியில் சுருண்டு விழுவாள். எங்கெங்கோ காட்டிவிட்டு, கடைசியில் யாரோ ஒரு டாக்டர், இந்தக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு என்ன பயன், எடுத்துவிட்டால் வலி நின்றுவிடும் என்றிருக்கிறார். அந்த வயதில் எடுத்தேவிட்டார்கள்.

ஜாடி வந்தபோது டாக்டர் வயதைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்று முணுமுணுத்தார். வழக்கத்தைவிடக் கவனமாக அறுத்தார். சுவரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் துண்டுகள் எடுத்து எனக்குத் தந்தார். நான் மெழுகில் பதித்துச் சீவி, சாயமேற்றிக் கொடுத்தேன். பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார். எதுவுமே இல்லை. சுவர் சுத்தமாக இருந்தது. உள்பூச்சு எங்கே இருக்கவேண்டுமோ அங்கேயே இருந்தது.

மகேஸ்வரி மாமியாரோடும் கணவனோடும் ரிப்போர்ட் வாங்க வந்தாள். டாக்டர் வழக்கம்போல உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். காட்டினார். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பயப்பட ஒண்ணுமில்லம்மா. புற்று கிற்று எதுவும் கிடையாது. கர்ப்பப்பையில ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு" என்றார்.

மகேஸ்வரி மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுத்து அவரையே பார்த்தாள். மாமியார்தான் முதலில் பேசினாள்.

"கேட்டுக்கடா. ஒண்ணுமே இல்லையாம். ஒண்ணுமில்லாததுக்குத்தான் இவ இத்தனை வருசமா அந்த ஆட்டம் ஆடியிருக்கறா. வேலைக்குப் போகாம படுத்துக்கறதுக்கும் உன்ற காசைக் கரைக்கறதுக்கும். கடைசியில வம்சமே இல்லாமப் பண்ணிட்டா."

"அப்படியில்லம்மா, நான் சொன்னது…" என்று டாக்டர் தொடங்குவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். கணவன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மகேஸ்வரி படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

டாக்டர் ஜன்னலருகே போய், அவர்கள் தெருவைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில மாதங்கள் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகேஸ்வரி தனியாக வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கணவன் அவளை மூலனூரில் அப்பன் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டானாம். அவனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று ஒறம்பரைச் சொந்தங்களுக்குள் பேச்சாம். நான் நாற்காலியை இழுத்துப்போட்டேன். பாதி உட்கார்ந்து, முகம் சுளித்து எழுந்து நின்றுகொண்டாள்.

டாக்டருக்கு அவள் முகம் நினைவில்லை. நான் சொன்னதும் நினைவு வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அதை எடுத்துப்போட்டாங்க. நீங்களும் அதுல ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டீங்க" என்றாள் மகேஸ்வரி. "அப்பறம் இன்னும் ஏனுங்க நோவுது?"

"இப்பவும் வலிக்கா?"

"முன்ன மாதிரியே நோவுதுங்க. வெளிக்குப் போகையில உசுரு போகுதுங்க. எங்க ஊட்டுல எனக்குப் பைத்தியம்னு மந்திரிக்கறதுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. எனக்குப் பைத்தியமுங்களா? அதை மட்டும் சொல்லுங்க, போயிக்கறன்."

டாக்டர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெளிக்குப் போகும்போதா, எந்தப் பக்கம், குனிந்தாலா நிமிர்ந்தாலா, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, சினைப்பையை எடுத்தார்களா விட்டுவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொல்லச்சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவளை அனுப்பிவிட்டு என்னிடம், "அந்த மெழுகுக் கட்டிகளையெல்லாம் எடு. மறுபடியும் சீவு" என்றார். இன்னும் ஆழமாகச் சீவிக் கொடுத்தேன். பார்த்தார். இல்லை. மீண்டும் சீவச் சொன்னார். இல்லை. மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பிள்ள, வீட்டுக்குள்ள தேடிட்டு ஆளே இல்லேன்னு சொல்லியிருக்கேன். அவன் கொல்லையில நிக்கான்" என்றார்.

எனக்குப் புரிந்தது. நோய் கர்ப்பப்பைக்குள் இல்லை. வெளியே இருக்கலாம். எங்களுக்கு வந்தது கர்ப்பப்பை மட்டும்தான்.

கோயமுத்தூரில் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கிற சர்ஜன் ஒருவர் அவருக்குத் தெரிந்தவர். அவரிடம் பேசிவிட்டார். ஆனால் மகேஸ்வரி வீட்டிலிருந்து யாரும் போனில் சரியாகப் பேசவில்லை. "இன்னொருக்கா வவுத்தைக் கிழிக்கறதுக்கு நாங்க உடறதாயில்லைங்க" என்று அவள் அப்பா வைத்துவிட்டார்.

"வா, போவோம்" என்றார் டாக்டர்.

இருவரும் பஸ் ஏறினோம். மூலனூரில் இறங்கி, முருங்கைக்காய்க் கட்டுகள் ஏற்றிய ஒரு வண்டிக்காரரிடம் வழி கேட்டு நடந்தோம். வெயில். பாத்திகளில் செருப்பு புதைந்தது. மகேஸ்வரியின் அப்பா காய் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். திருப்பூரிலிருந்து டாக்டர் வந்திருக்கிறார் என்றதும் பக்கத்துக் காட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம் கூடிவிட்டது. கட்டிலை எடுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. மகேஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் தங்கை, இன்னும் கல்யாணமாகாத பெண், அவளுக்குப் பின்னால்.

"ஐயா, உங்க மகளப் பத்தி ஒரு தப்பான வார்த்தை சொல்லிட்டேன். அதத் திருப்பி எடுத்துக்கத்தான் வந்தேன்" என்றார் டாக்டர்.

அப்பா கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். 

"ஒண்ணுமே இல்லேன்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் பார்த்த இடத்துல இல்லேன்னுதான் சொல்லியிருக்கணும். நான் பார்க்காத இடம் நிறைய இருக்கு. அவ வலி நிஜம். பைத்தியமும் கிடையாது, நடிப்பும் கிடையாது. என் வார்த்தைய வச்சு அவளை யாரெல்லாம் பேசினாங்களோ அவங்ககிட்ட நானே வந்து இதைச் சொல்லுதேன். யார் யார் வீடுன்னு காட்டுங்க."

எங்கள் பக்கத்தில் டாக்டர் என்றால் சாமிக்கு அடுத்தபடி. சாமி வந்து, நான் சொன்னது தப்பு என்று சொல்லி நான் பார்த்ததில்லை. இவரோ பஸ் நேரத்தைச் சொல்கிறவர் மாதிரி நின்று சொன்னார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீங்க எதுக்குங்க சாமி அப்படியெல்லாம் பேசோணும்" என்றார். பிறகு கதவுப்பக்கம் திரும்பி, "அம்மணி, நீ என்ன சொல்றே?" என்றார். அவளிடம் யாராவது அப்படிக் கேட்டதே அதுதான் முதல் தடவையோ என்னவோ, அவள் கதவை விட்டு முன்னால் வந்து நின்றாள்.

"இவங்க சொன்னாப் போறனுங்க" என்றாள்.

கோயமுத்தூர் சர்ஜன் பார்த்தபோது கர்ப்பப்பை இருந்த இடத்துக்குப் பின்புறம், குடலோடு ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக இருந்தது. ஒரு சினைப்பையில் பழைய ரத்தம் கட்டிய கட்டி. கவனமாகப் பிரித்தெடுத்து, துண்டுகளை எங்கள் லேபுக்கே அனுப்பினார். நான் சீவிச் சாயமேற்றினேன். டாக்டர் கண்ணை வைத்த உடனேயே, "இதோ" என்றார். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மகேஸ்வரி குணமாகி வந்தபோது, ஸ்லைடை வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, "வாம்மா, பாரு" என்றார்.

மகேஸ்வரி அசையவில்லை. "நான் பாக்கலீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "நோவுனது எனக்குத்தானுங்களே. எனக்குத் தெரியாதுங்களா? பாக்க வேண்டியவங்க வருவாங்க, அவங்களுக்குக் காட்டுங்க."

டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு கேக்கட்டுங்களா? மறைக்காமச் சொல்லோணும். இதை மொதல்லயே பாத்திருந்தா, கர்ப்பப்பையை எடுக்காம உட்டிருப்பாங்களா?"

"எடுக்க வேண்டி வந்திருக்காது."

"கொழந்தை?"

"அது எனக்குத் தெரியாதும்மா. பிறந்திருக்கலாம், பிறக்காமலும் போயிருக்கலாம். ஆனா அந்த வாய்ப்பு உன்கிட்ட இருந்திருக்கும்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லியிருக்கலாம், எப்படியும் பிறந்திருக்காது என்று. கேட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும் மகேஸ்வரி, "என்ற தங்கச்சிக்கும் இதே நோவுதானுங்க. அவளைக் கூட்டிக்கிட்டு வர்றன். யாரும் எடுக்கறதுக்கு முன்னால பாருங்க" என்றாள்.

தங்கையை அதே கோயமுத்தூர் சர்ஜனிடம் அனுப்பினார். அவளுக்கும் அதே நோய், ஆரம்ப நிலையில். பின்னாளில் கல்யாணமாகி, கொஞ்சம் தாமதித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. வைத்தியத்தால்தானே என்று அவர்கள் வீட்டில் கேட்டதற்கும், "இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது" என்றே சொல்லிவிட்டு, அவர்கள் நீட்டிய சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மகேஸ்வரியின் கணவன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து ஸ்லைடைப் பார்த்துவிட்டுப் போனான். திரும்பக் கூப்பிட்டானாம். அவள் போகவில்லை. தங்கையோடு திருப்பூரில் அறையெடுத்துக்கொண்டு அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். வலி முழுதாகப் போகவில்லை, நின்று வேலை செய்கிற அளவுக்குக் குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் லேபிலிருந்து போன எந்த ரிப்போர்ட்டிலும் 'ஒன்றுமில்லை' என்ற சொல் இருந்ததில்லை.

மகேஸ்வரிக்கு ஆபரேஷன் நடந்த வருடமே கோயமுத்தூரில் மகப்பேறு டாக்டர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. இவருடைய ஆராய்ச்சியைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மகேஸ்வரியின் கதையைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டார். "பேரைச் சொல்லாதீங்க" என்றவள், சற்று யோசித்து, "நானும் வரட்டுங்களா?" என்றாள். கூட்டிக்கொண்டு போனோம். ஏசி போட்ட பெரிய ஹால். கடைசி வரிசையில் நானும் அவளும் உட்கார்ந்தோம். கம்பெனியில் பொங்கலுக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் இருந்தாள்.

எல்லோரும் தாங்கள் ஜெயித்த கேஸ்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் மேடையேறி முதல் படமாகச் சுத்தமான ஒரு கர்ப்பப்பைச் சுவரைப் போட்டார். இதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னவள் நான் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அடுத்த படமாகக் குடலருகே எடுத்த துண்டைப் போட்டார். இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு பெண் தன் வீட்டை இழந்தாள், நாம் சொன்ன ஒரு சொல்லால் என்றார். 

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஆபரேஷன் செய்தவர் சுற்றிலும் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் ஏன் பழியை ஏற்றுக்கொள்கிறீர்கள்?"

"அவர் பங்கை அவர் சொல்லட்டும். என்னுடையதைத்தான் என்னால் சொல்ல முடியும்" என்றார். "அந்தப் பெண் எங்கே வலிக்கிறது என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் யாரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை."

பேனாக்கள் நின்றிருந்தன. அத்தனை பெரிய டாக்டர்களுக்கு எதிரே அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகேஸ்வரி என் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, என்னுங்க சொல்றாங்க?"

"உங்க நோவு நெசம்னு சொல்றாங்க."

"இங்கிலீசுலயா?"

"ஆமா."

"அத்தனை டாக்டருமுங்களா கேக்கறாங்க?"

எட்டிப் பார்த்தேன். "கேக்கறாங்க."

அவள் முந்தானையைத் தோளிலிருந்து தளர்த்தினாள். நுனியிலிருந்து நகர்ந்து, முதுகு சாய, நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப இன்னுஞ் சித்தெ நேரம் சொல்லட்டுங்க" என்றாள்.